இருண்ட திரையும் பழைய மொனிட்டரும்

எங்கள் வீட்டில் சம்பாதிப்பவர்கள் இருவர். ஒருவர் கட்டாரில் வாகனம் ஓட்டும் வாப்பா. மற்றவர் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் உம்மா. வாப்பாவின் உழைப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். உம்மாவின் உழைப்பு அவ்வளவாக யாருக்கும் தெரியாது. ஆனால் மருதமுனையில் பலர் கையில் வாங்கிப் பார்த்த தாள்கள் உம்மாவின் விரல் பட்டவைதான். கலியாணக் கார்ட், நோன்பு கால நேர அட்டவணை, ரியூசன் வகுப்பு வினாத்தாள் எல்லாம் அடிப்பார். பாமினி எழுத்தில், விசைப்பலகையைப் பார்க்காமலே, பக்கத்தில் நிற்பவரோடு கதைத்துக்கொண்டும் அடிப்பார். இத்தனைக்கும் ஒரே ஒரு கருவிதான் உண்டு. அது வாப்பா ஐந்து வருடங்களுக்கு முன் லீவில் வரும்போது கொண்டுவந்த மடிக்கணினி.

அது ஒரு புதன்கிழமை அஸருக்குப் பிறகு இருண்டு போனது.

உம்மா அப்போது அடித்துக்கொண்டிருந்தது தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் தொகுப்பு. மொத்தம் 42 பக்கங்கள். ஞாயிறு காலை சேரின் கையில் கொடுத்தாக வேண்டும். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதென்று மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். திரை ஒருமுறை துடித்தது. பிறகு கறுப்பு. காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் முதலில் செய்தது கண்ட்ரோல் பட்டனையும் எஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தியதுதான். திரை தெரியாவிட்டாலும் உள்ளே கணினி உயிரோடிருந்தால் அடித்த பக்கங்கள் சேமிக்கப்பட்டுவிடும். அதற்குள் தம்பி ஓடிவந்து பவர் பட்டனை நீளமாக அழுத்தி அணைத்து மீண்டும் போட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. கைத்தொலைபேசிக்கும் அதுதான், தொலைக்காட்சிக்கும் அதுதான். இந்த முறை அது பலிக்கவில்லை.

செய்தி வேலி தாண்டிப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்தார். "ஆம்புளப் புள்ள யாரயும் கூப்பிட்டுக் காட்டுகா. பொம்புளயள் இதுக்குள்ள கைய வெச்சா இன்னும் பழுதாப் போயிரும்" என்றார். மாமி கெட்டவரல்ல. எங்கள் வீட்டு பியூஸ் போனால் மெழுகுதிரியோடு முதலில் வருபவர் அவர்தான். ஆனால் கணினி தும்மினால்கூட ஓர் ஆண் பிள்ளையைத் தேட வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் மாமிக்கு மட்டுமல்ல, பலருக்கும் உறுதியான நம்பிக்கை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் நான் அதே மேசையில் நின்றுகொண்டிருந்தேன். மாமியின் கண்ணில் நான் படவில்லை.

ஒரு கடைக்குத் தொலைபேசியில் கேட்டோம். கடைக்காரர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், மூன்று நாளாகும், திரை மாற்ற வேண்டி வந்தால் 28,000 ரூபா மட்டில் முடியும் என்றார். உம்மா தொகையைக் கேட்டு முகம் சுருக்கவில்லை. "மூணு நாளைக்கி வெக்க ஏலா" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கணினிக்குள் ராத்தாவின் கலியாணப் படங்கள் இருந்தன. பெண்கள் பக்கத்தில், பெண்களே எடுத்த படங்கள். தலையை மூடாமல், பூ வைத்து, நகை போட்டு, சிரித்துக்கொண்டு ராத்தாவும் சாச்சிமாரும் மச்சிமாரும் நிற்கிறார்கள். அந்தப் படங்களில் இருக்கும் பெண்கள் எல்லோரும் உம்மாவை நம்பித்தான் கெமராவுக்கு முன் நின்றார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கடையில் வேலை பார்க்கும் பையனும் நல்லவனாக இருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கையை மூன்று நாளைக்கு இன்னொருவர் மேசையில் வைத்துவிட்டு வர உம்மாவுக்கு மனம் வரவில்லை. திரை இருண்டிருக்கும்போது படங்களை வெளியே எடுத்துவிட்டுக் கொடுக்கவும் வழியில்லை. நம் வீடுகளில் எத்தனை பழுதான கைத்தொலைபேசிகளும் கணினிகளும் இந்த ஒரே காரணத்துக்காக அல்மாரிக்குள் கிடக்கின்றன என்பதை வாசிக்கும் சகோதரிகள் பலரும் அறிவீர்கள்.

ஆகவே வீட்டிலேயே ஏதாவது செய்ய வேண்டும். நேரமோ மூன்றரை நாள்.

என் மூத்தாப்பா நெசவாளர். மருதமுனை என்றாலே கைத்தறி. இப்போது தறிகள் குறைந்துவிட்டாலும் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூத்தாப்பாவின் தறிச் சத்தத்தில்தான் பகலில் தூங்குவேனாம். துணியில் ஒரு கோடு விழுந்தால் அவர் தறியை மொத்தமாகக் குறை சொல்லமாட்டார். நாடாவை நிறுத்துவார். பாவில் அறுந்ததா, ஊடையில் அறுந்ததா என்று முதலில் பார்ப்பார். பாவு என்றால் எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் எந்த இழை என்று விரலால் தடவிக்கொண்டே போவார். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்கமாட்டார். "ரெண்டு எடத்துல தொட்டா எது சரிவந்திச்செண்டு தெரியாமப் போயிரும்" என்பார். எங்கள் பாடத்தில் பிழை காணல் என்று ஒரு பகுதி வரும். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் விரல்தான் ஞாபகத்துக்கு வரும்.

அன்றிரவு மின்விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசியின் டோர்ச்சைத் திரைக்கு மிக அருகில், சரிவாகப் பிடித்தேன். கறுப்புக்குள் ஏதோ நிழல் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் வாப்பாவின் முகம். திரையின் பின்னணியில் நாங்கள் வைத்திருந்த படம் அது. "உம்மா, இஞ்ச வந்து பாருங்க" என்று கத்தினேன்.

எல்.சி.டி. திரைக்குத் தானாக ஒளி இல்லை. பின்னால் ஒரு விளக்கு எரிகிறது, முன்னால் திரவப் பளிங்கு ஒவ்வொரு புள்ளியிலும் அந்த ஒளியை விடுகிறது அல்லது மறிக்கிறது. விளக்கு அணைந்தாலும் பளிங்கு தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். ஆகவே படம் அங்கே இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. மூடியைச் சாய்த்தபோது போனதென்றால், கீல் வழியாகப் போகும் மெல்லிய வயரில் விளக்குக்கான இழை அறுந்திருக்கலாம். அதைத் திறந்து பார்க்கும் கருவி என்னிடம் இல்லை, தேவையும் இல்லை. கணினி உயிரோடிருக்கிறது என்பதே அன்று எனக்குப் போதுமாக இருந்தது. அதற்கு வேறொரு திரை கொடுத்தால் பேசும்.

மாமா முன்பு கல்முனையில் கொமியூனிகேஷன் நடத்தியவர். கடையை மூடிய பிறகு சாமான்களை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். வியாழன் பின்னேரம் அதிலிருந்து ஒரு 17 அங்குல மொனிட்டரை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சதுரமான பழங்காலத்து முகம். பின்னால் நீல நிற வீ.ஜீ.ஏ. துளை ஒன்று மட்டும். வீட்டிலிருந்த மடிக்கணினியிலோ வீ.ஜீ.ஏ. கிடையாது, எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே உண்டு.

அதையும் மச்சான் முன்கூட்டியே யோசித்து, ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறு முனை வீ.ஜீ.ஏ. என்றிருந்த ஒரு கேபிளை வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டு துளையிலும் அழகாகப் பொருந்தியது. மொனிட்டரைப் போட்டால் ஒரு சின்னப் பெட்டிக்குள் "நோ சிக்னல்" என்ற ஆங்கில எழுத்து அங்குமிங்கும் மிதந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்து, பட்டனில் செம்மஞ்சள் வெளிச்சம் மட்டும் மின்னியது.

"மொனிட்டரும் பழுது" என்றான் தம்பி.

இந்த இடத்தில்தான் பலர் மொனிட்டரைத் தூக்கி மூலையில் வைத்துவிடுகிறார்கள். நான் கேபிளைக் கழற்றிவிட்டு, மொனிட்டரை மின்சாரத்தில் மட்டும் போட்டுப் பார்த்தேன். மீண்டும் பெட்டி மிதந்தது. முன்னாலிருந்த மெனு பட்டனை அழுத்தினால் வெளிச்சம், நிறம், மொழி என்று பட்டியல் வந்தது. எழுத்து தெளிவாக இருந்தது. ஒரு மொனிட்டர் தனக்கு ஒன்றும் வரவில்லை என்று எழுத்தில் சொல்கிறதென்றால், அதன் விளக்கும் பளிங்கும் மின்சாரமும் நலம் என்றுதான் அர்த்தம். வாய் பேசாதவர் ஒருவர் "என்னால் பேச முடியாது" என்று உரத்துச் சொல்ல முடியுமா? ஆகவே ஒரு பக்கம் கணினி நலம், மறுபக்கம் மொனிட்டர் நலம். குறை நடுவில்.

நடுவில் இருந்தது கேபிள். அது முறிந்திருக்கவில்லை, புதியதுதான். ஆனால் அதனால் அந்த வேலை முடியாது. வீ.ஜீ.ஏ. என்பது ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. அன்று மேசைகளில் இருந்தவை பெரிய கண்ணாடிக் குழாய்த் திரைகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கம்பிகளில் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தம் போகும். அழுத்தம் கூடினால் அந்த நிறம் பிரகாசிக்கும். இதுதான் நாங்கள் தரவுத் தொடர்பாடல் பாடத்தில் படிக்கும் அனலொக் சமிக்ஞை. எச்.டி.எம்.ஐ. அதற்குப் பதினைந்து வருடம் பிந்தி, 2002 டிசம்பரில் வெளியானது. அதில் போவது பூச்சியமும் ஒன்றும். முழுக்க டிஜிட்டல். ஒன்று பாட்டுப் பாடுகிறது, மற்றது எண் சொல்கிறது. எண்ணைப் பாட்டாக மாற்ற நடுவில் ஒரு சில்லு வேண்டும். வெறும் செப்புக் கம்பியால் மொழிபெயர்க்க முடியாது. மச்சான் வாங்கிய கேபிளின் இரு முனையையும் தடவிப் பார்த்தேன். சில்லு இருக்கக்கூடிய தடிப்பு எங்கும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. துளை பொருந்தினால் வேலை செய்யும் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்?

வெள்ளிக்கிழமை பாடசாலை சீக்கிரம் விடும். அதற்கு முன் கணினிக் கூடத்துக்குப் போய் மிஸ்ஸிடம் கேட்டேன். புரொஜெக்டருக்கு மடிக்கணினியை இணைக்க மிஸ் ஒரு அடப்டர் பயன்படுத்துவார். விரல் நீளத்தில் கறுப்புப் பெட்டி, ஒருபுறம் எச்.டி.எம்.ஐ. வால், மறுபுறம் வீ.ஜீ.ஏ. துளை. அந்தப் பெட்டிக்குள்தான் நான் சொன்ன சில்லு இருக்கிறது. தனக்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரத்தையும் அது எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மிஸ் என் முகத்தைப் பார்த்தார். "கடைக்குக் குடுக்கல்லயா?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடப்டரை ஒரு கடித உறைக்குள் போட்டு, "திங்கக்கிழம காலையில வேணும்" என்று கையில் தந்தார்.

ஜும்ஆவுக்குப் போனவர்கள் திரும்பி, சாப்பாடு முடிந்து, மேசை துடைக்கப்பட்டதும் எல்லாவற்றையும் இணைத்தோம். மடிக்கணினி, அதிலிருந்து மிஸ்ஸின் அடப்டர், அடப்டரில் மாமா தந்த பழைய வீ.ஜீ.ஏ. கேபிள், கடைசியில் மொனிட்டர்.

இருட்டில் கணினிக்குள் நுழைவது தனி வேலை. கடவுச்சொல் கேட்கும் திரை அணைந்த திரையில்தான் வருகிறது. உம்மா டோர்ச்சைப் பிடிக்க, நான் தலையைச் சரித்துக்கொண்டு நிழலில் தெரியும் பெட்டியைத் தேடிக் கடவுச்சொல்லை அடித்தேன். உம்மாவுக்குக் கை நடுங்கியது. "கொஞ்சம் மேல பிடிங்க உம்மா" என்றால் வெளிச்சம் என் கண்ணுக்குள் வந்தது. ஒருவாறு உள்ளே போனோம்.

மொனிட்டரின் செம்மஞ்சள் வெளிச்சம் பச்சையானது. திரை விழித்தது. நடுவில் புதிதாக ஓர் ஆங்கில வாசகம் வந்தது: "அவுட் ஒஃப் ரேஞ்ச்."

தம்பி தலையில் கை வைத்தான். எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. நேற்று "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்றது. இன்று "வருகிறது, ஆனால் என் அளவுக்கு மிஞ்சி வருகிறது" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! கதவே திறக்காத வீட்டுக்கும், கதவைத் திறந்து "யாரு, என்ன வேணும்?" என்று கேட்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் அது.

மீண்டும் டோர்ச். மீண்டும் உம்மா. திரை அமைப்புப் பக்கத்துக்குப் போய், நிழல் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். இரண்டாவது திரையின் அளவு 1920க்கு 1080 என்றிருந்தது. மாமாவின் மொனிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில் இருந்ததோ 1280க்கு 1024. அதாவது கணினி தனக்கு முன்னால் இருப்பது அகலமான புதிய மொனிட்டர் என்று நினைத்துக்கொண்டு படம் அனுப்புகிறது. ஏன் அப்படி நினைத்தது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மொனிட்டரை இணைத்தவுடன் படம் பாய்ந்துவிடுவதில்லை. அதற்கு முன் இரண்டும் ஒரு சின்ன அறிமுகம் செய்துகொள்கின்றன. கணினி கேட்கும், மொனிட்டர் தன்னைப் பற்றிய ஒரு சீட்டைக் கொடுக்கும். அந்தச் சீட்டுக்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். அடிப்படை அளவு 128 பைட்டுகள் மட்டும். தயாரித்தவர் யார், எந்த வருடம், எந்த அளவுப் படம் தனக்கு உகந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். நாம் ஒருவரைச் சந்தித்தால் ஸலாம் சொல்லி, எந்த ஊர், யாருடைய மகள் என்று விசாரித்துவிட்டுத்தானே கதையைத் தொடங்குகிறோம். அதுபோலத்தான். வீ.ஜீ.ஏ. கேபிளில் இந்தச் சீட்டு போய்வரும் கம்பிகள் 12ஆவதும் 15ஆவதும். அவற்றுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. சீட்டு வராவிட்டால் நடுவிலிருக்கும் அடப்டர் தன் பாட்டில் ஒரு பொதுவான சீட்டைக் கணினியிடம் நீட்டிவிடக்கூடும்.

இரண்டையும் அணைத்து, மின்சாரத்தைக் கழற்றி, பழைய கேபிளின் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசி. நடு வரிசையில் ஒன்று இல்லை. அது 9ஆவது ஊசி. பல கேபிள்களில் அதை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், அது குறையல்ல. தம்பி அதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தான், பாவம். மூன்றாவது வரிசையில் பார்த்தேன். 11 நேராக நின்றது. 12 சாய்ந்து, தகட்டோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. சாக்குக்குள் கிடந்தபோது வளைந்திருக்க வேண்டும். துளைக்குள் போகாமல் அடங்கிவிட்ட ஓர் ஊசி. பதினான்கில் ஒன்று.

அதை நிமிர்த்த எனது பென்சில் உதவியது. ஈயம் தள்ளும் பென்சிலின் நுனியில் மெல்லிய உலோகக் குழாய் இருக்குமல்லவா? ஈயத்தை உள்ளே இழுத்துவிட்டு, அந்தக் குழாயை ஊசியின் மேல் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்த்தினேன். இந்த ஊசிகள் இரண்டு மூன்று முறை வளைத்தால் முறிந்துவிடும். ஒரே தடவையில் நேராக வர வேண்டும். மூத்தாப்பா கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் இப்போது அவருக்குச் சரியாகத் தெரியாது. "இழை கெடச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"கெடச்சிச்சி மூத்தாப்பா."

பிஸ்மில்லாஹ் சொல்லி மறுபடி போட்டோம். டோர்ச், சரிந்த தலை, கடவுச்சொல். மொனிட்டரில் பச்சை வெளிச்சம். ஒரு நொடி கறுப்பு. பிறகு வாப்பா.

சதுரத் திரைக்கு ஏற்றபடி இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, கட்டார் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாப்பா நின்றார். உம்மா டோர்ச்சை அணைக்க மறந்து நின்றார்.

ஆனால் வேலை முடியவில்லை. அந்தப் படத்துக்கு மேல் ஒன்றுமேயில்லை. கோப்புகளின் சின்னங்கள் இல்லை. உம்மாவின் வினாத்தாளைத் திறந்தால் அது இருண்ட திரையிலேயே திறந்துகொண்டது. இரண்டாவது திரையைக் கண்டதும் கணினி அதை மேசையின் நீட்சியாக எடுத்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் பட்டனோடு பீ எழுத்தை அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒன்றே, நீட்டிப்பு, இரண்டாவது திரை மட்டும். கடைசித் தெரிவுதான் எங்களுக்கு வேண்டியது. அதைத் தெரிந்ததும் எல்லாம் புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்து வந்தன. படம் மட்டும் ஒரு விரலளவு இடப்பக்கம் நகர்ந்து நின்றது. அனலொக் சமிக்ஞையில் ஒரு வரி எங்கே தொடங்குகிறதென்பதை மொனிட்டர் நேரத்தை வைத்துத்தான் கணிக்கிறது. அந்தக் கணிப்பைத் திருத்த முன்னால் "ஓட்டோ" என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினேன். படம் ஒருமுறை அசைந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

புதன்கிழமை சேமித்த பக்கங்கள் அப்படியே இருந்தன. 26ஆவது பக்கம், ஒரு கேள்வியின் பாதியில்.

உம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, "ஒரு பக்கம் முழுசாத் தெரியிதுகா" என்றார். உண்மைதான். மடிக்கணினியின் திரையில் உயரம் 768 புள்ளி மட்டும், இதில் 1024. அகலமானது புதியது, சதுரமானது பழையது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் தாளில் அடிப்பவருக்கு நீளம்தான் வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்த வேலை அன்றோடு குறைந்தது.

வெள்ளி இரவும் சனி முழுவதும் உம்மா அடித்தார். நான் எழுத்துப்பிழை பார்த்தேன். என் பொருளாதார ஒப்படையைச் செய்ய வேண்டியிருந்ததால் இடையிடையே எழுந்து போனேன். சனி இரவு மாமி இடியப்பத்தோடு வந்தார். திரையைப் பார்த்தார். "யாரு வந்து செஞ்ச?" என்று கேட்டார். உம்மா அடிப்பதை நிறுத்தாமலே என் பக்கம் நாடியை நீட்டிக் காட்டினார். மாமி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுத் தொலைக்காட்சியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை, எதனாலிருக்கும் என்று கேட்டார். இருட்டில் டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வினாத்தாள் போய்ச் சேர்ந்தது. கிடைத்த காசில் உம்மா முதலில் ஒரு தொகையை எடுத்துத் தனியாக மடித்தார், சொந்தமாக ஓர் அடப்டர் வாங்க. மிஸ்ஸின் அடப்டர் அடுத்த நாள் பாடசாலைக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. தம்பியை அனுப்பி மாமாவிடமிருந்து ஒரு ஹார்ட்டிஸ்க் வாங்கிவந்தேன். கலியாணப் படங்களை அதற்கு மாற்றிவிட்டால், கணினியை எந்தக் கடைக்கும் பயமில்லாமல் கொண்டுபோகலாம்.

படங்கள் இருந்த கோப்பைத் திறந்ததும் உம்மா, "கொஞ்சம் நில்லு, பாப்பம்" என்றார். ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. மூத்தாப்பா பள்ளிக்குப் போயிருந்தார், தம்பி விளையாடப் போயிருந்தான். கதவைச் சாத்திவிட்டு இருவரும் பார்த்தோம். நானூற்றுச் சொச்சம் படங்கள். கலியாணம் முடிந்து இரண்டு வருடத்தில் உம்மா அவற்றை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லையாம். எப்போதும் யாராவது ஒருவரின் கார்ட் திரையில் இருந்திருக்கிறது. ராத்தாவுக்கு மருதோன்றி வைக்கும் படத்தில் உம்மா நிறைய நேரம் நின்றார். அந்தக் கலியாணத்துக்கு வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு படத்தின் ஓரத்தில், யாரோ ஒரு சாச்சியின் கையில், வீடியோ கோலில் வாப்பாவின் முகம் தபால் முத்திரை அளவில் தெரிந்தது. அதை நான் அதுவரை கவனித்ததேயில்லை. உம்மா பெரிதாக்கிப் பார்த்தார். புள்ளி புள்ளியாக உடைந்து போனது. பழையபடி சிறிதாக்கினார்.

பிறகு பிரதி எடுத்தோம். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்ததும், எண்ணிக்கை சரியா என்று இரண்டு பக்கமும் பார்த்து, கணினியில் இருந்ததை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினேன். அழித்தது முழுவதும் போய்விடுவதில்லை, மேலே வேறு கோப்புகள் எழுதப்படும்வரை சிலர் அதைத் திரும்ப எடுக்கலாம் என்று உம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப கடைக்கி அவசரமில்ல" என்றார் உம்மா. ஹார்ட்டிஸ்கைப் பழைய கைத்தறிச் சால்வை ஒன்றில் சுற்றி, அல்மாரியில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். வெளியே படலையில் யாரோ ஸலாம் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு கத்தம் அழைப்பிதழ், நாளைக்கே வேண்டுமாம். உம்மா திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மொனிட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.